கட்டடம் ஓனருடையது, பீரோ நம்முடையது

2015 டிசம்பர் முதல் வாரத்தில் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் அசெம்பிளி லைன்கள் நின்றுபோயின. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், ஒரகடத்தில் ரெனோ–நிசான் எனப் பெரிய ஆலைகள் உற்பத்தியை நிறுத்திவைத்தன. டிசம்பர் 1 அன்று தொடங்கிய ஒரே நாள் மழையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பதிவாயின. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் அடையாற்றுக்குள் போனது. அடுத்த ஆண்டு ஸ்விஸ் ரீ என்ற மறுகாப்பீட்டு நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி, அந்த வெள்ளத்தின் மொத்தப் பொருளாதார இழப்பு 200 கோடி டாலருக்கு மேல். அதில் காப்பீட்டின் கீழ் வந்தது 75.5 கோடி டாலர்.

ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்தியாவில் ஒரு பேரிடருக்கு இது பெரிய விகிதம். காரணம் எளிது. நனைந்தவற்றில் ஆலைகளும் கிடங்குகளும் கடைகளும் கார்களும் இருந்தன. அவற்றுக்குப் பாலிசி இருந்தது. மீதி மூன்றில் இரண்டு பங்கை அவரவரே சுமந்தார்கள். முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளத்தில் வாடகைக்குக் குடியிருந்து, இடுப்பளவு தண்ணீரில் ஃபிரிட்ஜ் மிதப்பதைப் பார்த்தவர்கள் அந்த இரண்டு பங்கில்தான் இருந்தார்கள். பகலில் அவர்கள் ஓட்டிய எந்திரத்துக்குக் காப்பீடு இருந்தது. இரவில் படுத்த கட்டிலுக்கு இல்லை.

அந்தக் கட்டிலுக்கும் காப்பீடு எடுக்க முடியும். சட்டம் தடுக்கவில்லை, விலையும் அதிகமில்லை. அப்படியிருந்தும் இந்தப் பகுதியில் வாடகைக்குக் குடியிருப்பவரிடம் அந்தப் பாலிசி போய்ச் சேரவில்லை. இதற்கு அறியாமையைக் குறைசொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் நாட்டில் வீட்டுக் காப்பீடு, வெள்ள நிவாரணம், சிலிண்டர் விபத்து இழப்பீடு எல்லாமே பதிவான ஒரு முகவரியைச் சுற்றிக் கட்டப்பட்டவை. வாடகைக்காரரிடம் இல்லாதது அதுதான்.

இந்த வாடகைக்காரர்கள் ஆலைகளின் பின்னால் வந்தவர்கள். ஹூண்டாய் 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் நோக்கியா வந்தது. 2014 நவம்பரில் மூடிக்கொண்டு போனது. ரெனோ–நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ், ஃபாக்ஸ்கான், சாம்சங் என்று அரசின் சிப்காட் தொழில் பூங்காக்கள் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் வரை பரவின. ஆலைக்கு ஆள் வந்தது. ஆளுக்கு வீடு யாரும் கட்டவில்லை. கட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். நிலம் விற்ற பணத்தில் வரிசையாகப் போர்ஷன்களை எழுப்பினார்கள். மாத்தூர், எறையூர், வல்லம், சுங்குவார்சத்திரம் எங்கே போனாலும் அந்த லைன் வீடுகளைப் பார்க்கலாம்: ஒரு ஹால், ஒரு சமையலறை, வெளியே பொதுக் குழாய், மேலே ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தளம். விழுப்புரம், திருவண்ணாமலையிலிருந்து வந்த குடும்பங்களும், ஒடிசா, பீகாரிலிருந்து வந்து ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அங்கே இருக்கிறார்கள். வாடகை ரொக்கமாகவோ ஜிபே மூலமாகவோ போகும். அட்வான்ஸுக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தால் பெரிய விஷயம்.

அரசின் கவனம் விடுதிப் பக்கம் திரும்பியது பின்னால்தான். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்கிய விடுதியில் உணவு நஞ்சாகி, அவர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்த பிறகு வசிப்பிடமும் தொழில் பிரச்சினைதான் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. 2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 படுக்கைகள் கொண்ட குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல காரியம். ஆனாலும் இந்தப் பகுதியின் மொத்தத் தொழிலாளர் தொகைக்கு முன்னால் அது சிறியது. பெரும்பாலானோர் இன்னும் தனியார் வாடகையில்தான்.

கூடவே இந்த மண்ணின் அமைப்பையும் சொல்ல வேண்டும். அடையாறு எங்கோ மலையில் பிறந்து வரும் ஆறு அல்ல. மணிமங்கலம் பக்கத்து ஆதனூர் ஏரியை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். ஒரத்தூர், சோமங்கலம், மணிமங்கலம் என்று இந்தச் சுற்றுவட்டார ஏரிகள் நிறைந்து வழியும் தண்ணீர்தான் அதன் உடல். ஏரிக்குக் கீழே இருந்த வயல்கள் பல இடங்களில் மனைகளாகிவிட்டன. அங்கே தரைத்தளத்தில், குறைந்த வாடகையில் இருப்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை.

பலருடைய மனத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: “ஹவுஸ் ஓனர் இன்ஷூரன்ஸ் போட்டிருப்பார்.” பெரும்பாலான ஓனர்கள் போடவில்லை. வங்கிக் கடனில் கட்டியவர் போட்டிருக்கலாம். அதுவும் வங்கியின் வற்புறுத்தலால், கட்டடத்துக்கு மட்டும். ஒரு பொருள் அழிந்தால் யாருக்கு நட்டமோ அவர்தான் அதைக் காப்பீடு செய்ய முடியும் என்பது காப்பீட்டுச் சட்டத்தின் அடிப்படை. சுவர் இடிந்தால் ஓனருக்கு நட்டம். பீரோ நனைந்தால் நமக்கு நட்டம். ஓனரின் பாலிசி நம் பீரோவை எட்டிப் பார்க்காது.

இதற்கு மறுபக்கம் ஒன்றும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. நம் கவனக்குறைவால் தீப்பிடித்து ஓனரின் கட்டடம் எரிந்தால், ஓனருக்குப் பணம் கொடுத்த காப்பீட்டு நிறுவனம் ஓனரின் இடத்தில் நின்று நம்மிடம் அந்தத் தொகையைக் கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. லைன் வீட்டுக்காரர் மீது இப்படி வழக்குப் போடுவது அபூர்வம். போட்டாலும் வசூலாகாது என்று நிறுவனத்துக்கே தெரியும். ஆனால் வாடகைக்காரருக்கு இரண்டு விதமான இழப்பு உண்டு, பொருள் போவது ஒன்று, பிறர் பொருளுக்குப் பொறுப்பாவது இன்னொன்று என்பது தெரிந்திருக்க வேண்டும். பிரான்ஸில் 1989 ஜூலை 6ஆம் தேதிச் சட்டம் வாடகைக்காரர் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும் என்கிறது. ஆண்டுதோறும் சான்றிதழை ஓனரிடம் காட்ட வேண்டும். வெளிநாட்டு ஏற்பாடு என்றதும் அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. பிரான்ஸில் கட்டாயமாக்கப்பட்டிருப்பது தீ, வெடிப்பு, தண்ணீர்க் கசிவால் ஓனரின் கட்டடத்துக்கு வரும் சேதத்துக்கான காப்பீடு. வாடகைக்காரரின் சொந்தப் பொருளுக்குக் கட்டாயம் இல்லை. அதை இங்கே கொண்டுவந்தால் அட்வான்ஸோடு இன்னொரு செலவு சேரும். பீரோ அப்படியே நனையும்.

நமக்கு உள்ள பாலிசிக்கு வருவோம். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை விற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஆணையிட்டது. எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் அடிப்படை விதிகள் ஒன்றே. கட்டடத்துக்கு மட்டும், பொருள்களுக்கு மட்டும், இரண்டுக்கும் சேர்த்து என மூன்று விதமாக எடுக்கலாம். இரண்டாவது வகை வாடகைக்காரருக்கு உரியது. ஏஜென்டுகள் அதைச் சொல்வதில்லை. கமிஷன் சில பத்து ரூபாய்தான் தேறும் என்பதால் அவர்கள் மீது கோபப்படவும் முடியாது.

தீ, இடி, வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, கலவரம், வேலைநிறுத்தத்தின்போது நடக்கும் சேதம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைந்து வழிவது ஆகியவை இதில் அடக்கம். வெள்ளத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. அடையாற்றுப் படுகைக்காரருக்கு இதுதான் முக்கியம். மூன்று லட்ச ரூபாய்ப் பொருளுக்கு ஆண்டுப் பிரீமியம் பொதுவாகச் சில நூறு ரூபாய்தான். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் உயிர், மருத்துவக் காப்பீடுகளுக்கு ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. வீட்டுப் பொருள் காப்பீட்டுக்கு 18 சதவீதம் தொடர்கிறது. பெரிய தொகை அல்ல. ஆனாலும் இந்தச் சலுகை ஏன் இங்கே வரவில்லை என்று கேட்கலாம்.

ஒரு நல்ல விதியையும் குறிப்பிட வேண்டும். பழைய பாலிசிகளில், இரண்டு லட்ச ரூபாய்ப் பொருளுக்கு ஒரு லட்சத்துக்கு மட்டும் காப்பீடு எடுத்திருந்தால், 40,000 ரூபாய் நட்டத்துக்கு 20,000தான் தருவார்கள். கிருஹ ரக்ஷாவில் அந்த வெட்டு நீக்கப்பட்டது. எடுத்த தொகைக்குள் நட்டம் இருந்தால் முழுவதும் கிடைக்க வேண்டும்.

என்னென்ன கிடைக்காது என்பதையும் சமமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரச்சினை வருவது இங்கேதான்.

திருட்டு. பூட்டை உடைத்து டிவியை எடுத்துப் போனால் கிருஹ ரக்ஷா கைகொடுக்காது. வெள்ளம், தீ போன்ற காப்பீடு செய்த ஆபத்து நடந்து ஏழு நாட்களுக்குள், அதையொட்டி நடக்கும் திருட்டு மட்டுமே இதில் வரும். வெள்ளத்தால் வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டுக்கு ஒதுங்கியபோது போனால் கிடைக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது போனால் கிடைக்காது. அதற்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு அல்லது ‘ஹவுஸ்ஹோல்டர்ஸ்’ பாக்கேஜ் வேண்டும். ஷிஃப்ட்டுக்கு எல்லோரும் போய்விடும் லைன் வீட்டுக்கு வெள்ளத்தைவிடப் பூட்டு உடைப்புதான் அன்றாடப் பயம். பாலிசி எழுதியவர்களுக்கு அந்தப் பயம் தெரியவில்லை.

மின்சாரம். வோல்டேஜ் ஏறி ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் கருகினால் அந்த ஃபிரிட்ஜுக்கு இழப்பீடு இல்லை. ஷார்ட் சர்க்யூட்டில் தொடங்கிய தீ பரவி மெத்தையும் துணியும் எரிந்தால் அவற்றுக்கு உண்டு.

ரொக்கம், பத்திரம், ஆவணம். பீரோவில் வைத்த சீட்டுப் பணமும், மார்க் ஷீட்டும், ஐடிஐ சான்றிதழும் இதில் வராது. 2015 டிசம்பரில் தொலைந்த சான்றிதழ்களுக்கு நகல் தர அரசு சிறப்பு முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது நினைவிருக்கலாம். அடுத்த முறை முகாமுக்குக் காத்திருக்காமல் டிஜிலாக்கரில் ஏற்றிவைப்பது செலவில்லாத காப்பீடு. நகை ‘மதிப்புமிக்க பொருள்’ என்று தனியாக அறிவித்தால்தான் வரும்.

கூரை. தென்னங்கீற்று, மூங்கில், தார்ப்பாய், பிளாஸ்டிக் துணி போன்றவற்றால் ஆனதைப் பாலிசி ‘கச்சா’ கட்டடம் என்று வகைப்படுத்துகிறது. அதற்குள் இருக்கும் பொருளை நிறுவனங்கள் ஏற்கத் தயங்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் அந்த வரையறையில் இல்லை. ஏஜென்ட் “ஷீட் போட்ட வீட்டுக்கு வராது” என்று சொன்னால் விதியைக் காட்டச் சொல்லுங்கள்.

தொழில். அறைவாசிகளுக்கு மெஸ் நடத்துவது, வீட்டில் தையல் எந்திரம் நாலு போட்டுப் பீஸ் வேலை எடுப்பது எல்லாம் இங்கே சாதாரணம். கிருஹ ரக்ஷா குடியிருப்புக்கு மட்டும். 5 கோடி ரூபாய்க்குள் மதிப்புள்ள சிறு தொழிலுக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற தனி பாலிசி இருக்கிறது. மெஸ் நடத்துவதை மறைத்துவிட்டு கிருஹ ரக்ஷா எடுத்தால், கிளெய்ம் நாளில் அதையே காரணமாகக் காட்டி மறுப்பார்கள்.

எவ்வளவுக்கு எடுப்பது? கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் ஒரு போர்ஷனை நினைத்துக்கொண்டு இன்றைய கடை விலையில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஃபிரிட்ஜ் 18,000, வாஷிங் மெஷின் 15,000, டிவி 20,000, மிக்ஸியும் கிரைண்டரும் 8,000, கட்டிலும் மெத்தையும் 15,000, பீரோ 12,000, பாத்திரம், அடுப்பு 20,000, நான்கு பேர் துணிமணி 30,000. மொத்தம் 1,38,000 ரூபாய். “நம்மிடம் என்ன இருக்கிறது” என்று நினைக்கும் குடும்பத்தின் கணக்கு இது. இதில் பாதி தவணையில் வாங்கியது. வெள்ளத்தில் ஃபிரிட்ஜ் போகும், தவணை போகாது. மாசம் 5ஆம் தேதி ஆட்டோ டெபிட் வழக்கம்போல் நடக்கும். திரும்ப வாங்க என்ன செலவாகுமோ அந்தத் தொகைக்குத்தான் காப்பீடு எடுக்க வேண்டும். பழைய பொருளுக்கு இன்று கிடைக்கும் விலைக்கு அல்ல.

இந்தக் கணக்கில் வேண்டுமென்றே ஒன்றை விட்டிருக்கிறேன்: பைக்.

இந்தப் பகுதியில் பல தொழிலாளர்களின் ஆக விலையுயர்ந்த சொத்து வாசலில் நிற்கும் பைக்தான், வீட்டுக்குள் இல்லை. வாகனங்கள் வீட்டுக் காப்பீட்டில் வரா. உச்ச நீதிமன்ற உத்தரவை அடுத்து, 2018 செப்டம்பர் 1 முதல் புது இருசக்கர வாகனத்துக்கு, பிறருக்கு நேரும் சேதத்துக்கான ‘தேர்டு பார்ட்டி’ காப்பீடு ஐந்தாண்டுக்குக் கட்டாயம். வாங்கும்போது ஷோரூமில் சேர்த்துத் தரும் பாலிசியில் பெரும்பாலும் தேர்டு பார்ட்டி ஐந்தாண்டு, வண்டியின் சொந்தச் சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ ஓராண்டு. இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க யாரும் நினைவூட்டுவதில்லை, ஊட்டினாலும் செய்வதில்லை. பாலிசியின் முதல் பக்கத்தில் ஐந்தாண்டுத் தேதி இருக்கிறது. போலீஸ் மடக்கினால் காட்ட அது போதும். வெள்ளத்துக்குப் போதாது. தண்ணீரில் மூழ்கிய வண்டிக்குத் தேர்டு பார்ட்டியில் ஒரு ரூபாய்கூட வராது. ஓன் டேமேஜ் இருந்தாலும், தண்ணீர் வடிந்ததும் ஆர்வத்தில் கிக் அடித்து, எஞ்சினுக்குள் தண்ணீர் இழுத்துக்கொண்டால், அதைப் பின்விளைவுச் சேதம் என்று சொல்லித் தள்ளிவிடுவார்கள். நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளிக்கொண்டோ வேனில் ஏற்றியோ மெக்கானிக்கிடம் கொண்டுபோவதுதான் சரி.

அடுத்தது சிலிண்டர். எண்ணெய் நிறுவனங்கள் சமையல் எரிவாயு வாடிக்கையாளர்களுக்காகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்திருக்கின்றன. இதற்கு நாம் தனியாகப் பணம் கட்டுவதில்லை. விபத்தில் இறந்தால் ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய், மருத்துவச் செலவுக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, பொருள் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் வரை. பொருள் சேதத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: வாடிக்கையாளரின் பதிவான முகவரியில் நடந்திருக்க வேண்டும். ஓனர் பெயரிலிருக்கும் இணைப்பில் சமைப்பவர், ஊரில் அப்பா பெயரில் எடுத்த சிலிண்டரைக் கொண்டுவந்து வைத்திருப்பவர், கூடுதல் விலை கொடுத்துப் பிறரிடம் வாங்குபவர் ஆகியோர் இந்த 2 லட்சத்தைக் கேட்கப் போனால் முதல் கேள்வியிலேயே தடுமாறுவார்கள். இணைப்பை இப்போதைய முகவரிக்கு மாற்றிக்கொள்வது இதற்காகவே அவசியம்.

அரசு நிவாரணத்திலும் இதே முகவரிச் சிக்கல். 2015இல் குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாயும், நிரந்தர வீட்டில் தண்ணீர் புகுந்தவர்களுக்கு 5,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ரேஷன் கடை மூலம் 6,000 ரூபாய் கொடுத்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் குன்றத்தூர் வட்டம் முழுவதும், ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் மூன்று வருவாய்க் கிராமங்களும் பட்டியலில் இருந்தன. கார்டு இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று சொன்னார்கள், சரி. ஆனால் கார்டு செஞ்சியிலோ போளூரிலோ இருக்க, உடம்பு மட்டும் இங்கே இருப்பவர், தான் இங்கே குடியிருந்ததை எதைக் காட்டி நிரூபிப்பார்? மத்திய அரசின் 2022–26 பேரிடர் நிவாரண விதிகளில் இடிந்த வீட்டுக்கான தொகை வீட்டுக்காரருக்குப் போகும். குடியிருந்தவருக்கு மிஞ்சுவது துணிக்கு 2,500, பாத்திரத்துக்கு 2,500. நம் 1,38,000 ரூபாய்க் கணக்கின் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“கம்பெனியில் இன்ஷூரன்ஸ் இருக்கே” என்பது இன்னொரு சமாதானம். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு ஈஎஸ்ஐ உண்டு. பிஎஃப்போடு சேர்ந்த காப்பீட்டில் இறப்புக்கு 7 லட்சம் வரை உண்டு. ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமர் விபத்துக் காப்பீடு, 436 ரூபாயில் உயிர்க் காப்பீடு உண்டு. எல்லாம் அவசியமானவை. எல்லாம் உடம்புக்கும் உயிருக்கும் ஆனவை. உடைமைக்கு ஒன்றுமில்லை.

அப்படியானால் வாடகை ஒப்பந்தம் இல்லாதவர் பொருள் காப்பீடே எடுக்க முடியாதா? முடியும். 2023 ஜனவரி 1 முதல் எந்தப் பாலிசிக்கும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். ஆனால் ஆதாரில் உள்ள முகவரியும் பொருள் இருக்கும் முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. ஆதாரில் திருக்கோவிலூர் இருக்கட்டும். பாலிசியில் ‘காப்பீடு செய்யப்படும் இடம்’ என்ற கட்டத்தில் மாத்தூர் வீட்டின் கதவு எண்ணைச் சரியாக எழுத வேண்டும். வீடு மாறினால் நிறுவனத்துக்குச் சொல்லி அதை மாற்றிக்கொள்ள வேண்டும். பழைய முகவரியில் கிடக்கும் பாலிசி புது வீட்டு வெள்ளத்துக்கு உதவாது. ஆண்டுக்கொரு வீடு மாறுபவர்கள் பிடிபடும் இடம் இது.

ஒப்பந்தம் இருந்தால் கிளெய்ம் எளிது என்பதிலும் சந்தேகமில்லை. 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எல்லா ஒப்பந்தமும் எழுத்தில் இருந்து பதிவாக வேண்டும் என்கிறது. வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. சிப்காட் கிராமங்களில் இந்தச் சட்டத்தின் நிழலைக்கூடப் பார்க்க முடியவில்லை. பதிவு செய்தால் வரிக்காரன் வருவான் என்று ஓனருக்குப் பயம். கேட்டால் வீடு கிடைக்காது என்று குடியிருப்பவருக்குப் பயம். 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு இதைவிடப் பழைய பாதுகாப்பு ஒன்றைத் தருகிறது. தீ, புயல், வெள்ளத்தால் குடியிருக்கும் இடத்தின் முக்கியப் பகுதி முற்றிலும் அழிந்தாலோ நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ, குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. சேதம் அவருடைய தவறால் வந்ததாக இருக்கக் கூடாது. அந்த உரிமையைக் கொண்டு அட்வான்ஸைத் திரும்பக் கேட்கவும் ஒரு காகிதம் தேவைப்படுகிறது. அட்வான்ஸை எந்தப் பாலிசியும் காப்பதில்லை.

இனி யார் என்ன செய்யலாம்? தனி ஆளாகப் போய்ச் சில நூறு ரூபாய்ப் பாலிசி கேட்பவரை நிறுவனங்கள் வரவேற்காது. மொத்தமாகப் போனால் கதை வேறு. அகமதாபாத்தின் சேவா அமைப்பு 1992இல் தொடங்கிய விமோசேவாவில் முறைசாராப் பெண் தொழிலாளர்களுக்கு உயிர், மருத்துவத்தோடு வீடு, உடைமை இழப்புக்கும் சேர்த்து ஒரே காப்பீடு தந்தார்கள். சந்தாவைச் சங்கமே வசூலித்தது; கிளெய்மைச் சங்கப் பெண்களே எழுதித் தந்தார்கள். பீடி சுற்றுபவருக்கும் தெருவில் காய்கறி விற்பவருக்கும் முடிந்தது, சம்பளச் சீட்டு வாங்கும் ஆலைத் தொழிலாளிக்கு முடியாது என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. இந்தப் பகுதியில் சங்கங்களுக்கு வலு இல்லாமலும் இல்லை; 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாட்கள் வேலைநிறுத்தம் நடந்தது. ஊதியப் பேச்சுவார்த்தையில் கேண்டீன், பஸ், மருத்துவக் காப்பீடு பற்றிப் பேசும் சங்கங்கள், ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு முந்நூறோ நானூறோ ரூபாயில் உடைமைக் குழுக் காப்பீட்டையும் ஊதிய ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கக் கேட்கலாம். ஆலையின் கூரைக்குப் பாலிசி போடும் அதே நிறுவனத்திடம்தான் இதையும் கேட்கப்போகிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களைச் சேர்க்காவிட்டால் அதற்குப் பாதி அர்த்தம்கூட இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளத்தில் அதிகம் இழப்பவர்கள் அவர்கள்.

கிளெய்ம் என்று வந்தால் முதலில் நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், பிறகு வீட்டைக் கழுவுங்கள். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வருமுன் நனைந்த மெத்தையைத் தெருவில் எறிய வேண்டியிருந்தால் படமெடுத்துவிட்டு எறியுங்கள். பில் இல்லாததால் பொருளே இல்லை என்றாகிவிடாது. தவணைக் கணக்கு, ஆன்லைன் ஆர்டர் பதிவு, பழைய புகைப்படம் எல்லாம் சான்றுதான். மறுத்தால் எழுத்தில் காரணம் கேளுங்கள். அதன் பிறகும் சரியாகாவிட்டால் ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளைக் கட்டணமும் வக்கீலும் இல்லாமல் விசாரிப்பார்.

வாடகை வீட்டிலிருந்து இதை வாசிப்பவர் இன்றைக்குச் செய்யக் கூடியது அதிகமில்லை. பைக் பாலிசியை எடுத்து ஓன் டேமேஜ் தேதி முடிந்துவிட்டதா என்று பாருங்கள். சிலிண்டர் இணைப்பு எந்த முகவரியில் இருக்கிறது என்று பாருங்கள். போனை எடுத்து வீட்டுக்குள் ஒரு சுற்று நடந்து, பீரோவைத் திறந்து காட்டி, இரண்டு நிமிட வீடியோ எடுத்து ஊரிலிருக்கும் யாருக்காவது அனுப்பி வையுங்கள். பிறகு ஏதேனும் ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவனத்திடம் ‘பொருள்களுக்கு மட்டும்’ என்று சொல்லி கிருஹ ரக்ஷா கேளுங்கள்; இல்லை என்றால் அடுத்த நிறுவனத்திடம் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.